எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் உள்ளது யோங் பெங் நகரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிங்கப்பூரை நோக்கிச் செல்வோரும் கோலாலம்பூரை நோக்கித் திரும்புவோரும் இவ்வூரின் பெயர்ப் பலகையைக் காணாமல் செல்ல முடியாது. நகரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைத் தோட்டங்கள்.

இந்நகரில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் பயிலும் நான்காம் படிவ மாணவர்கள் ஐவர், பள்ளி விடுமுறையில் ஒரு புதுவகை விளையாட்டைத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மட்டை வேண்டாம், பந்தும் வேண்டாம். ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் விளையாட்டு வீரர்களின் சாதனைப் பட்டியலும் போதும். அவர்கள் கற்பனையாக ஒரு புகழ் மண்டபத்தைக் கட்டுகிறார்கள். அதில் ஒரே ஓர் இருக்கை. கிரிக்கெட் வரலாற்றின் மிகச் சிறந்த விக்கெட் காப்பாளர் ஒருவரை அந்த இருக்கையில் அமர்த்த வேண்டும். யாரை அமர்த்துவது?

கேட்பதற்கு எளிய கேள்வியாகத் தோன்றும். பட்டியலைத் திறந்து, யாருடைய எண் மிகப் பெரியது என்று பார்த்தால் போதாதா? போதாது. ஏன் போதாது என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

புகழ் மண்டபம் என்பது என்ன?

ஒரு துறையில் ஈடு இணையற்றுத் திகழ்ந்தவர்களை நிலையாக நினைவுகூர்வதற்காக அமைக்கப்படுவதே புகழ் மண்டபம். விளையாட்டு உலகில் மிகவும் பெயர்பெற்றது, அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேஸ்பால் புகழ் மண்டபம். பேஸ்பால் என்பது மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவரும் ஆட்டமாகும். நம் பள்ளிகளில் ஆடப்படும் மென்பந்து ஆட்டம் இதன் உடன்பிறப்பு. ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கடந்த பின்னரே ஒருவரின் பெயர் அங்கு வாக்கெடுப்புக்கு வரும். விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து விழுக்காட்டு வாக்குகளைப் பெறுபவருக்கே இடம் கிடைக்கும்.

கிரிக்கெட்டுக்கும் அத்தகைய மண்டபம் உண்டு. அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் 2009ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் 2013இலும், இலங்கையின் குமார் சங்கக்கார 2021இலும், இந்தியாவின் மகேந்திர சிங் தோனி 2025இலும் அதில் சேர்க்கப்பட்டனர். தோனியுடன் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டவர்களுள் இங்கிலாந்து மகளிர் அணியின் விக்கெட் காப்பாளர் சாரா டெய்லரும் ஒருவர். அனைத்துலக ஆட்டங்களில் 232 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர்.

யோங் பெங் மாணவர்களும் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். ஐவரில் நால்வர் ஒப்புக்கொண்டால்தான் இருக்கை நிரம்பும்.

குந்தி அமர்ந்து காக்கும் பணி

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து பிடிப்பாளர் மட்டையாளருக்குப் பின்னால் குந்தி அமர்ந்திருப்பார். வீசப்படும் பந்துகளை மட்டையாளர் தொடாவிட்டால், அவற்றைப் பிடிப்பது அவருடைய கடமை. கிரிக்கெட்டில் அந்த இடத்தில் இருப்பவர் விக்கெட் காப்பாளர். வேகப்பந்து வீசப்படும்போது குச்சிகளுக்குப் பல அடி பின்னால் நிற்பார். சுழற்பந்து வீசப்படும்போது குச்சிகளை ஒட்டி நிற்பார்.

விக்கெட் காப்பாளர் ஒருவரை இரு முதன்மையான வழிகளில் ஆட்டமிழக்கச் செய்யலாம். மட்டையின் விளிம்பில் பட்டு வரும் பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது முதல் வழி. இதனைப் பிடி என்பர். மட்டையாளர் கோட்டைவிட்டு முன்னேறிப் பந்தைத் தவறவிடும் நொடியில், அதைப் பிடித்துக் குச்சிகளின் மேலுள்ள கட்டைகளைத் தட்டிவிடுவது இரண்டாவது வழி. இதனை ஸ்டம்பிங் என்பர்.

இப்பணி ஆபத்தும் நிறைந்தது. தென் ஆப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் டான்டன் நகரில் பயிற்சி ஆட்டமொன்றில் காப்பாளராக நின்றார். பந்து பட்டுத் தெறித்த சிறு கட்டையொன்று அவருடைய இடக்கண்ணைத் தாக்கியது. அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இத்தகைய உழைப்பும் துணிவும் இருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

பட்டியல் விரிகிறது

மாணவர்கள் ஐந்து விக்கெட் காப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் ஐந்து நாள் ஆடப்படும் டெஸ்ட் ஆட்டங்களில் பெற்ற எண்களை இவ்வாறு பட்டியலிட்டார்கள்:

| வீரர் | ஆடிய காலம் | ஆட்டங்கள் | பிடி | ஸ்டம்பிங் | மொத்தம் | மட்டைச் சராசரி |
|---|---|---|---|---|---|---|
| பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் (ஆஸ்திரேலியா) | 1920–1937 | 54 | 78 | 52 | 130 | 22.65 |
| சையத் கிர்மானி (இந்தியா) | 1976–1986 | 88 | 160 | 38 | 198 | 27.04 |
| மார்க் பவுச்சர் (தென் ஆப்பிரிக்கா) | 1997–2012 | 147 | 532 | 23 | 555 | 30.30 |
| ஆடம் கில்கிறிஸ்ட் (ஆஸ்திரேலியா) | 1999–2008 | 96 | 379 | 37 | 416 | 47.60 |
| மகேந்திர சிங் தோனி (இந்தியா) | 2005–2014 | 90 | 256 | 38 | 294 | 38.09 |

மட்டைச் சராசரி என்பது ஒருவர் எடுத்த மொத்த ஓட்டங்களை அவர் ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது.

பட்டியலைப் பார்த்தவுடன் மாணவர்களுள் ஒருவன், “இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பவுச்சர் 555 பேரை ஆட்டமிழக்கச் செய்திருக்கிறார். டெஸ்ட் வரலாற்றில் வேறு எந்தக் காப்பாளரும் அந்த எண்ணை எட்டவில்லை. அவருக்கே இருக்கை!” என்றான்.

அவன் சொன்ன செய்தி உண்மை. ஆனால் அவன் வந்தடைந்த முடிவு சரியா?

முதற்கேள்வி: எத்தனை ஆட்டங்களில்?

யோங் பெங் தோட்டத்துக்கே சென்று ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தொழிலாளி பத்து நாளில் 1,000 செம்பனைக் குலைகளை வெட்டினார். மற்றொருவர் ஐந்து நாளில் 700 குலைகளை வெட்டினார். மொத்தத்தைப் பார்த்தால் முதலாமவர் முந்துகிறார். ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் முதலாமவர் 100, இரண்டாமவர் 140. இப்போது யார் விரைவாக வெட்டுபவர் என்பது தெளிவாகிறது.

அதே கணக்கை நம் பட்டியலுக்கும் போடலாம். மொத்த எண்ணை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் ஆட்டத்திற்குப் பவுச்சர் 3.78 பேரையும், கில்கிறிஸ்ட் 4.33 பேரையும், தோனி 3.27 பேரையும், ஓல்ட்ஃபீல்ட் 2.41 பேரையும், கிர்மானி 2.25 பேரையும் ஆட்டமிழக்கச் செய்துள்ளனர். முதலிடம் பவுச்சரிடமிருந்து கில்கிறிஸ்ட்டுக்கு மாறிவிட்டது.

எனினும், பவுச்சரின் 555 பொருளற்றதாகிவிடாது. பதினைந்து ஆண்டுகள் உடல்நலத்தைக் காத்து, திறமை குன்றாமல் 147 ஆட்டங்களில் நிற்பதும் ஒரு சாதனைதான். மொத்த எண் நிலைத்திருக்கும் ஆற்றலைக் காட்டுகிறது. சராசரி எண் ஒவ்வோர் ஆட்டத்தின் பங்களிப்பைக் காட்டுகிறது. எதை அளக்க விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எண்ணைத் தேட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: வாய்ப்பு எவ்வளவு கிடைத்தது?

மீண்டும் தோட்டத்துக்கு வருவோம். 700 குலை வெட்டியவருக்கு இளமரங்கள் நிறைந்த பகுதி கிடைத்திருக்கலாம். குலைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்திருக்கும். 1,000 குலை வெட்டியவர் முதிர்ந்த மரங்களுக்கிடையே நீண்ட கம்பில் கட்டிய அரிவாளுடன் அண்ணாந்து நின்று உழைத்திருக்கலாம். இப்போது இருவரின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமா?

விக்கெட் காப்பாளருக்குப் பந்து வீச்சாளர்களே மரங்கள். கில்கிறிஸ்ட்டின் அணியில் கிளென் மெக்ராத், ஷேன் வார்ன், பிரெட் லீ போன்றோர் பந்து வீசினர். எதிரணியை மீண்டும் மீண்டும் வீழ்த்திய அவர்களின் பந்துகள் மட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு காப்பாளரின் கைகளுக்கு வந்தபடியே இருந்தன. கில்கிறிஸ்ட் அவற்றைத் திறம்படப் பிடித்தார். ஆனால் அத்தனை வாய்ப்புகளை உருவாக்கியவர்கள் அவருடைய தோழர்கள்.

கிர்மானியின் நிலை வேறு. 1949இல் சென்னையில் பிறந்த இவர், இந்திய அணியில் சேர்ந்த காலத்தில் அணியின் வலிமை சுழற்பந்து வீச்சில் இருந்தது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் ஆகிய நால்வரின் பந்துகளைக் குச்சிகளை ஒட்டி நின்று பிடிப்பது மிகக் கடினம். அதிலும் சந்திரசேகரின் பந்து எப்பக்கம் திரும்பும் என்பதை மட்டையாளரே அறியமாட்டார். பந்துக்கும் காப்பாளருக்கும் இடையே மட்டையாளரின் உடல் மறைத்துக்கொண்டிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டையும் எண்களே நமக்குக் காட்டுகின்றன. ஆனால் வேறொரு கோணத்திலிருந்து பார்க்க வேண்டும். மொத்தத்தில் ஸ்டம்பிங் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால், ஓல்ட்ஃபீல்ட் 40 விழுக்காடு, கிர்மானி 19, தோனி 13, கில்கிறிஸ்ட் 9, பவுச்சர் 4 விழுக்காடு என வருகிறது. கடைசியிலிருந்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டனர்! ஓல்ட்ஃபீல்ட், ஆர்தர் மெய்லி, கிளாரி கிரிம்மெட் போன்ற சுழற்பந்து வீச்சாளர்களுக்குக் காப்பாளராக நின்றவர். பவுச்சரோ பெரும்பாலும் வேகப்பந்து வீச்சாளர்களுக்காக நின்றவர். ஆக, இந்த விழுக்காடும் தனியொருவரின் திறமையை மட்டும் சொல்லவில்லை. அவர் எத்தகைய அணியில், எத்தகைய காலத்தில் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முன்னோர் மொழி. ஒரே பானைக்கு அது முற்றிலும் பொருந்தும். வெவ்வேறு அடுப்பில், வெவ்வேறு அரிசியில் வெந்த ஐந்து பானைகளுக்கு ஒரே சோற்றைப் பதம் பார்க்க முடியாதல்லவா?

மூன்றாம் கேள்வி: சுமை ஒன்றா, இரண்டா?

இக்கால விக்கெட் காப்பாளர் பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது. மட்டையாளராகவும் அணியைத் தாங்க வேண்டும். நாள் முழுவதும் குந்தி எழுந்தவர், களைப்புடன் மட்டையேந்த வேண்டியும் வரும். இந்தச் சுமையின் அளவு என்ன?

அதற்கு விடை தருபவர் இலங்கையின் குமார் சங்கக்கார. 2000 முதல் 2015 வரை 134 டெஸ்ட் ஆட்டங்களில் 12,400 ஓட்டங்கள் குவித்த அவர், தொடக்கக் காலத்தில் காப்பாளராகவும் இருந்தார். காப்பாளராக நின்ற 48 ஆட்டங்களில் அவருடைய மட்டைச் சராசரி ஏறத்தாழ 40. அந்தப் பொறுப்பு இல்லாமல் ஆடிய 86 ஆட்டங்களில் அது ஏறத்தாழ 67. ஒரே மனிதர், ஒரே திறமை, இடைவெளியோ 27 ஓட்டங்கள். வயதும் அனுபவமும் கூடியதும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், காப்பாளர் பொறுப்பு ஒருவரின் மட்டையாட்டத்திலிருந்து எவ்வளவு பெற்றுக்கொள்கிறது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

இதை அறிந்தபின், இரு சுமைகளையும் ஒருசேரச் சுமந்து 47.60 சராசரி வைத்திருந்த கில்கிறிஸ்ட்டின் எண் இன்னும் உயர்ந்து தெரிகிறது. 90 டெஸ்ட் ஆட்டங்களில் 60 ஆட்டங்களுக்கு அணித் தலைவராகவும் இருந்த தோனியின் 38.09க்கும் மதிப்புக் கூடுகிறது. தோனி சுமந்தவை மூன்று சுமைகள் அல்லவா? மேலும், ஒருநாள் ஆட்டங்களில் அவர் செய்த 123 ஸ்டம்பிங்குகளை எவரும் எட்டவில்லை. அடுத்த நிலையில் உள்ள சங்கக்கார செய்தவை 99. டெஸ்ட் பட்டியலை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட்டால் இந்த எண் நம் கண்ணில் படாமலேயே போய்விடும்.

நான்காம் கேள்வி: எந்த நேரத்தில்?

இனி ஒரு சிறிய எண்ணைப் பார்ப்போம். அது 24.

1983ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள். இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் திடல். உலகக் கிண்ணப் போட்டியில் ஜிம்பாப்வேயை எதிர்த்து ஆடிய இந்தியா, 17 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகளை இழந்துவிட்டது. தோற்றால் போட்டியிலிருந்து வெளியேற நேரலாம். அணித் தலைவர் கபில் தேவ் ஒரு முனையில் நின்று போராடினார். எட்டு விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையில் அவருக்குத் துணையாக வந்தவர் விக்கெட் காப்பாளர் கிர்மானி. இருவரும் பிரியாமல் 126 ஓட்டங்கள் சேர்த்தனர். கபில் தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்தவை 175. கிர்மானி ஆட்டமிழக்காமல் எடுத்தவை 24. இந்தியா வென்றது. ஒரு வாரம் கழித்து உலகக் கிண்ணத்தையும் வென்றது.

பட்டியலில் 24 என்பது சாதாரண எண். ஒரு பக்கம் முழுவதும் இத்தகைய எண்கள் சிதறிக் கிடக்கும். ஆனால் அன்று அந்த 24 இல்லாவிட்டால் 175 இருந்திருக்காது. வியப்பு என்னவென்றால், அந்த ஆட்டம் ஒளிப்பதிவு செய்யப்படவில்லை. இன்று நம்மிடம் இருப்பவை அன்றைய ஓட்டக் குறிப்பேடும் கண்டவர்கள் சொன்ன கதைகளும் மட்டுமே. எண் எலும்புக்கூடு போன்றது. அதற்குத் தசையும் உயிரும் தருவது அதன் சூழல்.

ஐந்தாம் கேள்வி: பட்டியலில் இல்லாதது எது?

கிரிக்கெட் ஓட்டக் குறிப்பேட்டில் பிடித்த பந்துக்குக் கட்டம் உண்டு. தவறவிட்ட பந்துக்குக் கட்டம் இல்லை. ஐந்து வாய்ப்பில் ஐந்தையும் பிடித்தவரும், பத்து வாய்ப்பில் ஐந்தை நழுவவிட்டவரும் பட்டியலில் ஒரே எண்ணைப் பெறுவர்.

பேஸ்பால் ஆட்டத்தில் இந்தக் குறையை ஓரளவு நீக்கியுள்ளனர். அங்கே பந்து பிடிப்பாளரின் தவறுகளும் எண்ணப்படுகின்றன. எதிரணி வீரர் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்திற்குத் திருட்டுத்தனமாக ஓட முயல்வார். பந்து பிடிப்பாளர் உடனே எழுந்து, பந்தை எறிந்து அவரைத் தடுக்க வேண்டும். எத்தனை முயற்சிகளில் எத்தனையைத் தடுத்தார் என்று கணக்கு வைக்கப்படுகிறது. 2,427 ஆட்டங்களில் பந்து பிடிப்பாளராக நின்ற இவான் ரொட்ரிகஸ், ஏறத்தாழ 46 விழுக்காட்டு முயற்சிகளை முறியடித்தார். வெற்றியுடன் தோல்வியையும் எண்ணும்போதுதான் விழுக்காடு பிறக்கிறது. விழுக்காடு இருந்தால்தான் ஒப்பீடு நேர்மையாகிறது.

சில வேளைகளில் பட்டியலில் இல்லாமல் போவது ஓர் எண் அன்று. ஒரு மனிதரே இல்லாமல் போகிறார். ஜோஷ் கிப்சன் என்ற கறுப்பின வீரர் 1930களிலும் 1940களிலும் பேஸ்பால் ஆடிய மாபெரும் பந்து பிடிப்பாளர். அக்காலத்தில் அமெரிக்காவின் முதன்மைக் குழுக்கள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, கிப்சன் கறுப்பினத்தவருக்கான தனிப் போட்டிகளில் ஆடினார். 1947ஆம் ஆண்டு ஜனவரியில், தம் 35ஆம் வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரர் முதன்மைக் குழுவில் இடம்பெற்று அந்தத் தடையைத் தகர்த்தார். கிப்சனுக்கு அந்த நாளைக் காணும் பேறு கிட்டவில்லை.

1972இல் அவர் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஆயினும், அவருடைய எண்கள் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களைப் பல ஆண்டுகள் புரட்டி, மறக்கப்பட்ட ஆட்டங்களின் விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினர். 2024ஆம் ஆண்டில் அந்த எண்கள் முதன்மைப் பட்டியலுடன் இணைக்கப்பட்டன. அப்போது கிப்சனின் மட்டைச் சராசரி 0.372 எனத் தெரியவந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்பவரின் சராசரியைவிட அது கூடுதல். அவர் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய பெயர் பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

நம் மண்ணில் ஒரு காவலர்

பந்தைப் பிடிப்பதையே பணியாகக் கொண்டவர் நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். மலேசியத் தேசியக் காற்பந்துக் குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அவர். நீண்ட கைகளுடன் பாய்ந்து பந்தைத் தடுத்ததால் ‘ஸ்பைடர்மேன்’ என்று மக்கள் அவரை அழைத்தனர். 1980ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்ற கோல் கணக்கில் வென்று, மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதிபெற்ற குழுவில் அவர் இருந்தார். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் குழு அங்குச் செல்லவில்லை. 1988ஆம் ஆண்டில் சாலை விபத்தில் ஆறுமுகம் உயிரிழந்தார்.

‘ஒலிம்பிக் ஆட்டங்கள்: 0’ என்பதுதான் அவருடைய பெயருக்கு எதிரே எழுதப்படும் எண். அந்தச் சுழியம் அவருடைய திறமையைப் பற்றி என்ன சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை. உங்கள் தாத்தாவிடம் ஆறுமுகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சுழியத்தில் அடங்காத பல செய்திகளை அவர் சொல்லக்கூடும்.

வாக்கெடுப்பு

யோங் பெங் மாணவர்களிடம் திரும்புவோம். ஐந்து கேள்விகளையும் கேட்டு முடித்தபின் அவர்கள் வாக்களித்தார்கள். கில்கிறிஸ்ட்டுக்கு மூன்று வாக்குகள், தோனிக்கு ஒன்று, கிர்மானிக்கு ஒன்று. முதலில் பவுச்சருக்கே இருக்கை என்று கூறிய மாணவன்தான் கிர்மானிக்கு வாக்களித்தான். நான்கு வாக்குகள் யாருக்கும் கிடைக்கவில்லை. இருக்கை நிரம்பவில்லை.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூப்பர்ஸ்டவுனில்கூட 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் எவரும் தேர்வாகவில்லை. முடிவு கிடைக்காதது தோல்வியாகாது. அவசர முடிவைவிட நேர்மையான ஐயம் மேலானது.

அவர்கள் வேறொன்றையும் உணர்ந்தார்கள். தங்கள் பள்ளியின் மென்பந்துக் குழுவில் பத்தாண்டுகளுக்கு முன் பந்து பிடிப்பாளராக இருந்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் எத்தனை பந்துகளைப் பிடித்தார், எத்தனையைத் தவறவிட்டார் என்பதைச் சொல்ல ஒரு தாளும் இல்லை. உலகின் மறுகோடியில் 1920ஆம் ஆண்டில் ஆடியவரின் ஸ்டம்பிங் எண்ணிக்கை அவர்களுக்குத் தெரிகிறது. தங்கள் திடலில் ஆடிய அண்ணன்மார், அக்காள்மாரின் பெயர்கூடத் தெரியவில்லை.

எனவே, அவர்கள் அந்தக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கோடுகள் போட்டார்கள். நாள், எதிரணி, பந்து வீசியவர், கிடைத்த வாய்ப்புகள், பிடித்தவை, தவறவிட்டவை எனக் கட்டங்கள் உருவாயின. கடைசிக் கட்டம் மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. அதன் தலைப்பில் ‘அன்று நடந்தது என்ன?’ என்று எழுதினார்கள்.

மாணவர்களே, தேர்வுப் புள்ளிகளாயினும் விளையாட்டுச் சாதனைகளாயினும், இனி ஓர் எண்ணைக் காணும்போது அந்தக் கடைசிக் கட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். எத்தனையில் எத்தனை, எத்தகைய வாய்ப்பில், எவ்வளவு சுமையுடன், எந்த நேரத்தில், எது விடுபட்டது என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்குப் பின் வரும் ஒப்பீடே நேர்மையான ஒப்பீடு.